ஆறு கட்டம் தள்ளி

படிவத்தில் ‘மொழி’ என்று போட்டு, பக்கத்தில் ஒரு கோடு இழுத்து இடம் விட்டிருந்தார்கள். நான் அந்தக் கோட்டின் மேல் ‘தமிழ்’ என்று எழுதினேன்.

சும்மா எழுதவில்லை. புதிதாக மை நிரப்பி, ழகரத்தின் வாலைக் கொஞ்சம் நீட்டி, அடியில் இன்னொரு கோடும் போட்டு எழுதினேன்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் என் நிலைமையையும் கொஞ்சம் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் தர்மபுரியில் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார். இருபது வருஷமாக என் வகுப்பில் இருக்கும் ஒரே தகராறு மொழித் தகராறுதான். புத்தகம் இங்கிலீஷில் இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்துவிட்டு வந்திருப்பார்கள். வீட்டில் சிலருக்குத் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம், சிலருக்கு உருது. ‘லெட் எக்ஸ் பி எ ரியல் நம்பர்’ என்று நான் ஆரம்பித்தால், கடைசி பெஞ்சு எக்ஸைத் தனியாக விட்டுவிட்டு ஜன்னல் வழியாக வெளியே போய்விடும். ‘தமிழிலேயே விளக்க அனுமதி வேண்டும்’ என்று நான் போட்ட மனுக்களை அடுக்கினால் ஒரு ஆள் ஏறி நின்று பரணில் இருக்கும் அண்டாவை எடுக்கலாம்.

அப்படிப்பட்டவனுக்குப் பல்கலைக்கழகமே கடிதம் போடுகிறது. ‘முதலாண்டு கணக்கு மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் அறிமுகம் என்று ஒரு புதிய தாள் வருகிறது. உங்கள் கல்லூரியில் எந்த மொழியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?’

என்ன மரியாதை பாருங்கள்! எந்த மொழி என்று என்னைக் கேட்கிறார்கள்!

பிரின்சிபாலிடம் கொண்டுபோனேன். அவர் சரித்திரம் படித்தவர். ‘நல்ல முடிவு’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டார்.

இந்தப் பெருமை பதினாறு நாள் நீடித்தது.

பதினேழாவது நாள், ஸ்டாஃப் ரூமில் காதர் பாயிடம் வாயைக் கொடுத்தேன். காதர் பாய் பிசிக்ஸ் வாத்தியார். என் தெருவிலேயே குடியிருப்பவர். அவர் மச்சான் பெங்களூரில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஆகவே, கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்த ஒருவரைக் கண்ணால் பார்த்தவர் எங்கள் கல்லூரியில் காதர் பாய் ஒருவர்தான்.

அவர் டீ கிளாஸை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

“மொழின்னா நாம பேசுற மொழி இல்லீங்க வாத்தியாரே. அதுகிட்ட பேசுற மொழி.”

“எதுகிட்ட?”

“மிஷினுகிட்ட.”

நாலு பெயர் சொன்னார். ஃபோர்ட்ரான், கோபால், பேசிக், பாஸ்கல். இதில் மூன்று பேர் வெளிநாட்டுக்காரர்கள், கோபால் மட்டும் நம்ம ஆள் என்று எனக்கு ஒரு சின்ன ஆறுதல். கோபால் என்று நான் கேட்டது கோபோல் என்பதும், அவரும் நம்ம ஆள் இல்லை என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எனக்கு வந்தது இருக்கிறதே… அதைப் பயம் என்று சொன்னால் பயத்துக்கே அவமானம். வலது கால் செருப்பு என்னுடையது, இடது கால் செருப்பு காதர் பாயினுடையது என்று வீடு வந்து சேர்ந்தேன். சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதை மூன்றாவது நாள்தான் கண்டுபிடித்தேன். பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபத்தில் என் படிவத்தைச் சட்டம் போட்டு மாட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து காட்டுவதாகக் கற்பனை செய்துகொண்டேன். வேலை போனால் என்ன செய்வது என்று யோசித்து, பென்னாகரம் ரோட்டில் ஒரு பெட்டிக் கடைக்கு மனதுக்குள் இடம்கூடப் பார்த்துவிட்டேன்.

“தமிழ்னு எழுதுனதுக்கு ஜெயில்லயா போடப் போறாங்க? தோசை ஆறுது” என்றாள் என் மனைவி.

ஜெயிலில் என்னைப் போட்டால் பரவாயில்லை. அகப்பட்டுக்கொண்டவர்கள் வேறு பதினெட்டுப் பேர். அந்த வருஷம் கணக்கில் சேர்ந்த பிள்ளைகள். அதில் ஒன்பது பேர் ஹாஸ்டலில் இருந்தார்கள். எங்கள் ஹாஸ்டலில் ஒரு விதி உண்டு. வருஷக் கடைசியில் ஒரே ஒரு தாளில் போனால்கூட இடம் போய்விடும். அந்த ஒன்பது பேரின் ஊர்களுக்கும் முதல் பஸ்ஸே காலேஜ் மணி அடித்த பிறகுதான் வரும். சில ஊர்களுக்கு அதுவும் வராது. ஹாஸ்டல் இல்லை என்றால் அவர்களுக்குப் படிப்பு இல்லை. புதிய தாள் என்ன மொழி என்றே தெரியாத ஒரு மொழியில் வந்து விழுந்தால், ஒன்பது பெட்டியும் ஹாஸ்டல் வாசலுக்கு வந்துவிடும்.

பொம்மிடி போய் ரயிலேறி, மறுநாள் காலையில் மெட்ராஸில் பல்கலைக்கழக வாசலில் நின்றேன்.

அந்தப் பிரிவில் இருந்தவர் ஐம்பது வயது அம்மையார். கண்ணாடியைக் கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஊர் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

“தர்மபுரியா? வாங்க, வாங்க. உங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கோம். நாலு மொழிக்கும் கேள்வித்தாள் எடுக்க ஆள் போட்டாச்சு. உங்க அஞ்சாவது மொழிக்குத்தான் ஆளே கிடைக்கலை.”

பெரிய ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். நாலு பத்தி. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மொழி, மையில். ஓரத்தில், ஸ்கேல் வைத்துப் பென்சிலால் புதிதாக ஒரு ஐந்தாவது பத்தி. தலையில் ‘தமிழ்’. அதற்குக் கீழே தமிழ்நாட்டிலேயே ஒரே ஒரு டிக். எங்கள் கல்லூரி.

“இது புதுசா வந்திருக்கா சார்?” என்று கேட்டார், நிஜமான ஆர்வத்தோடு.

“இல்லீங்கம்மா. ரொம்பப் பழசு” என்றேன்.

மாற்ற வேண்டும் என்றால் பன்னிரண்டு மணிக்குள் சொல்ல வேண்டுமாம். அதன்பிறகு ரிஜிஸ்டர் மாடிக்குப் போய்விடும். மாடிக்குப் போனது கீழே வராது. மணி பத்தே முக்கால். ஒரு மணி நேரத்தில், கண்ணால் பார்க்காத மிஷினுக்கு, காதால் கேட்காத நாலு மொழியில் ஒன்றை நான் பொறுக்க வேண்டும். பெண்ணையும் பார்க்காமல், மாப்பிள்ளையையும் பார்க்காமல், ஜாதகக் கட்டுகளை மட்டும் கையில் கொடுத்து முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது என்றால் எப்படி இருக்கும்?

வராந்தாவில் வேறு கல்லூரிகளிலிருந்து வந்திருந்த மூன்று வாத்தியார்கள் நின்றிருந்தார்கள். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். கோயம்புத்தூர்க்காரர், பாஸ்கல்தான் என்றார். பிள்ளைகளுக்கு ஒழுக்கம் வரும். வேலூர்க்காரர், ஒழுக்கம் வேண்டுமானால் என்.சி.சி.யில் சேரட்டும், கோபோல் படித்தால் பாங்க்கில் வேலை கிடைக்கும் என்றார். மூன்றாமவர் மெட்ராஸ், சின்ன வயசு. பேசிக் பத்தே நாளில் வந்துவிடும், சின்ன மிஷினிலும் ஓடும் என்றார். அதைக் கேட்டதும் மற்ற இருவரும் ஒன்று சேர்ந்துகொண்டு, பேசிக் படித்த பையனின் கையெழுத்துக்கூட கெட்டுவிடும் என்றார்கள். மூவரும் சத்தம் போட்டுக்கொண்டே கேன்டீன் பக்கம் போய்விட்டார்கள். நான் அதே இடத்தில், முன்னைவிட அதிகக் குழப்பத்தோடு நின்றேன்.

எனக்கு பாஸ்கல்மேல் ஒரு சாய்வு இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். பெயரிலேயே பாஸ் இருக்கிறது.

பதினொன்றே முக்காலுக்கு ரிஜிஸ்டரை மறுபடி பார்த்தபோது சேலம் வரி கண்ணில் பட்டது. சேலத்துக் கல்லூரியில் நிஜமாகவே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குப் பிராக்டிகல் பரீட்சை மையமும் அதுதான். சேலம் வரியில் ஃபோர்ட்ரானுக்கு நேரே டிக். சரி, பக்கத்தில் இருக்கும் மிஷினுக்கு என்ன பாஷை தெரியுமோ அதையே பேசிவிட்டுப் போவோம். இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் இதுதான், அதனால் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அம்மையார் ஃபோர்ட்ரானில் டிக் போட்டுவிட்டு ரப்பரை எடுத்தார். “அப்ப தமிழை அழிச்சிடவா?”

அந்தக் கேள்வியைக் கேட்டு, அந்த ரப்பரையும் பார்த்தபோது, எனக்குள் என்னவோ ஆயிற்று. “அது இருக்கட்டும்ங்கம்மா. பாடக் குறிப்பு தமிழ்ல குடுத்தா போதும்” என்றேன். அவரும் நல்லவர். ‘ஃபோர்ட்ரான், குறிப்புகள் தமிழில்’ என்று எழுதிக்கொண்டார்.

வெற்றியோடு ஊர் திரும்பினேன்.

குறிப்புகள் ஆகஸ்டில் வந்தன. முப்பது பக்கம், சைக்ளோஸ்டைல். மை பாதி இருக்கும், பாதி இருக்காது. யார் மொழிபெயர்த்தார்களோ, நல்ல தமிழ். கம்ப்யூட்டர் வரவில்லை. அது வரும் என்று யாரும் சொல்லவும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கட்டுத் தாள்கள் வந்தன. கட்டம் கட்டமாக அச்சடித்த தாள். ஒரு வரிக்கு எண்பது கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. பிள்ளைகள் ப்ரோக்ராமை அதில் எழுத வேண்டும். அதைச் சேலத்துக்கு அனுப்பினால், அங்கே இருக்கும் ஆபரேட்டர் பார்த்து அட்டையில் துளை போட்டு, அட்டையை மிஷினில் கொடுத்து, மிஷின் சொன்னதைக் காகிதத்தில் அடித்து அனுப்புவார்.

குறிப்பில் நாலாவது பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. ‘கட்டளை வரிகளை ஆறு கட்டம் தள்ளி எழுதவும்.’

ஆறு கட்டம் தள்ளி. அதாவது எந்தக் கட்டத்தில்?

முதல் கட்டத்தையும் சேர்த்து எண்ணுவதா, அதை விட்டுவிட்டு எண்ணுவதா? ஸ்டாஃப் ரூமில் அரை மணி நேரம் இதுவே ஓடியது. கடைசியில் காதர் பாய்தான் தீர்ப்புச் சொன்னார்.

“என் வூடு எங்க இருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“நம்ம வூட்டுலருந்து நாலு வூடு தள்ளிம்பேன்.”

“எண்ணுங்க. உங்க வூடு ஒண்ணு. டெய்லர் வூடு ரெண்டு. பூட்டிக் கெடக்குற வூடு மூணு. என் வூடு நாலு. உங்க வூட்டையும் சேத்துத்தானே எண்ணுறோம்?”

இதைவிட ஒரு நிரூபணம் வேண்டுமா? நான் கணக்கு வாத்தியார், எனக்கு நிரூபணம் என்றால் போதும். முதல் கட்டம் ஒன்று, இரண்டு, மூன்று… ஆறு. போர்டில் பெரிதாகக் கட்டம் போட்டு, ஆறாவது கட்டத்தில் சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போட்டேன். “இங்கதான் ஆரம்பிக்கணும். உயிரே போனாலும் ஆறு.”

பதினெட்டுப் பேரும் எழுதிக்கொண்டார்கள். உயிரே போனாலும் ஆறு.

இப்படியாக தர்மபுரியில் கம்ப்யூட்டர் கல்வி தொடங்கியது. திங்கட்கிழமை மத்தியானம் தாள்களைக் கட்டிச் சேலம் பஸ் கண்டக்டரிடம் கொடுப்போம். கட்டு தொப்பூர் மேடு இறங்கிச் சேலம் போகும். அங்கே தங்கவேல் என்ற ஆபரேட்டர் துளை போடுவார். அடுத்த திங்கட்கிழமை அதே பஸ்ஸில் பதில் வரும். நாம் ஒரு கேள்வி கேட்டு, மிஷின் ஒரு வாரம் யோசித்துப் பதில் சொல்வது மாதிரி. வினாடிக்கு எத்தனையோ லட்சம் கணக்குப் போடும் என்று குறிப்பில் எழுதியிருந்தார்கள். பஸ்ஸைக் கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது.

முதல் கட்டு திரும்பி வந்த அன்று பஸ் ஸ்டாண்டிலேயே நின்று கயிற்றை அவிழ்த்தேன். பிரித்துப் பார்த்தால்… எல்லாம் ஓடியிருந்தது! இரண்டு எண்ணைக் கூட்டச் சொன்னால் கூட்டியிருந்தது. அடுத்த வாரமும் ஓடியது. அதற்கடுத்த வாரமும். கமா விட்டுப்போன ப்ரோக்ராம்கூட ஓடியது. என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. நாற்பத்தாறு வயதில் எனக்குள் இப்படி ஒரு ஃபோர்ட்ரான் மேதை ஒளிந்திருந்தானே என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். கோயம்புத்தூர்க்காரருக்கு ஒரு கார்டு போடலாமா என்றுகூட யோசித்தேன்.

பதினேழு பேருக்கு ஓடியது. ஒருத்திக்கு ஓடவில்லை. மாதம்மாள்.

மாதம்மாளுக்குப் பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டின ஊர். வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், புத்தகத்தில் இங்கிலீஷ். முதல் நாளே ‘இது நாலாவது பாஷைங்களா சார்?’ என்று கேட்டவள். ஹாஸ்டல் ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி. ஊரில் வீட்டுக்கு ஆடு இருக்கிறது, சனி ஞாயிறு மேய்ப்பது அவள் முறை. திங்கட்கிழமை அவள் வந்து சேர்வதற்குள் கட்டு பஸ் ஏறியிருக்கும். அதனால் அவள் தாள் மட்டும் தனியாகப் புதன்கிழமை போகும். திரும்பி வரும்போது காகிதம் முழுக்கப் பிழைப் பட்டியலாக வரும். வரிக்கு வரி பிழை.

எனக்கு அவள்மேல் பரிதாபமும், அதைவிட அதிகமாக எரிச்சலும். என்னுடைய பதினெட்டுக்குப் பதினெட்டைக் கெடுக்கிறாளே! அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஹாஸ்டல் வாசலில் ஒரு பெட்டி தெரிந்தது.

நவம்பர் வாக்கில் ஒருநாள் தாளோடு வந்து நின்றாள்.

“சார், ஏழுல ஆரம்பிச்சா ஓடுதுங்க.”

“எதுல?”

“ஏழாவது கட்டத்துலங்க. ஆறுல போட்டா, அது மேல் வரியோட ஒட்டுன வரின்னு நெனச்சுக்குதுங்க சார். போன வாரம் ஏழுல போட்டுப் பாத்தேன். பிழையே வரல.”

நான் அவளை உட்காரவைத்து, பதினேழு பேருக்கு ஆறில் ஓடுகிறது, ஒருத்திக்கு ஏழில் ஓடுகிறது, யார் சொல்வது சரியாக இருக்கும் என்று கணக்கு முறைப்படி விளக்கினேன். நாலு வீடு தள்ளி விளக்கத்தையும் சொன்னேன். அதோடு விட்டேனா? எனக்கு வாய் சும்மா இருக்காதே.

“ஆடு எண்ணுறப்ப மொத ஆட்ட விட்டுட்டா எண்ணுவ?”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“ஆட்டத் தள்ளி எண்ண மாட்டோங்க சார். இருக்கறத எண்ணுவோம்” என்றாள்.

இந்த மாதிரி இடக்குப் பேச்சு உதவாது, எழுது ஆறில், என்று அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் வந்து கேட்கவில்லை. ஆனால் அவள் தாளும் ஓட ஆரம்பித்துவிட்டது. பார், சொன்னபடி கேட்டாள், உருப்பட்டாள், என்று காதர் பாயிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அவள் தாளை வாங்கி எந்தக் கட்டம் என்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓடுகிற ப்ரோக்ராமை யாராவது பார்ப்பார்களா?

ஏப்ரலில் பிராக்டிகல். பதினெட்டுப் பேரையும் பஸ்ஸில் ஏற்றிச் சேலம் கூட்டிப்போனேன். மூன்று எண் கொடுத்தால் பெரியதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. எங்கள் பிள்ளைகளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பரீட்சை என்பதால் ஆபரேட்டர்கள் வெளியூரிலிருந்து வந்திருந்தார்கள். தாளில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே அடிக்க வேண்டும், ஒரு புள்ளிகூட மாற்றக் கூடாது என்று உத்தரவு. ஓடவில்லை என்றால் திருத்தி இன்னொரு முறை கொடுக்கலாம்.

நான் வராந்தாவில் உட்கார்ந்து, யார் முதலில் வருவான் என்று மனதுக்குள் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தேன். மாதம்மாள் வந்தாள். இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாளே, விட்டுவிட்டு வந்துவிட்டாளோ என்று பயந்து கேட்டேன். ஓடிவிட்டது என்றாள்.

அப்புறம் ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை.

கதவு இடுக்கில் பார்த்தேன். பதினேழு பேர் கையிலும் நீளமான காகிதம். வரிக்கு வரி பிழை. வருஷம் பூராவும் அந்த மாதிரி ஒரு காகிதத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. அது என்ன சொல்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. திருத்துகிறார்கள். கமாவை மாற்றுகிறார்கள், அடைப்புக்குறியை மாற்றுகிறார்கள், எண்ணை மாற்றுகிறார்கள், பெயரை மாற்றுகிறார்கள். ஆறாவது கட்டத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

அன்றைக்கு வேலையில்லாமல் வராந்தாவில் நின்றிருந்த ஒருவர் வந்து, தான்தான் தங்கவேல் என்று சொல்லிக் கும்பிட்டார். ஒரு வருஷம் எங்களுக்கு அட்டை அடித்தவர். என் கையிலிருந்த பழைய தாள் ஒன்றை வாங்கிப் பார்த்தார்.

“இது ஆறுல ஆரம்பிச்சிருக்குங்களே சார். ஏழுலதானுங்க ஆரம்பிக்கணும்.”

“வருஷம் பூரா ஓடுச்சே?”

“நான் அடிச்சனில்லீங்களா? என் கை தானா ஏழுக்குப் போயிருங்க. பன்னெண்டு வருசப் பழக்கம். கமா கிமா விட்டிருந்தாலும் போட்டுருவேன். பாவம், படிக்கிற புள்ளைங்க” என்றார்.

புதன்கிழமைகளில் அவருக்கு ஓய்வு. அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அடிப்பாராம். கட்டத்தில் இருப்பதை இருந்தபடியே அடிப்பாராம். இன்னும் பழக்கம் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

வராந்தாவில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தேன். பிறகு மாதம்மாளிடம் வந்தேன். எந்தக் கட்டத்தில் ஆரம்பித்தாய் என்று கேட்டேன்.

“ஏழுலங்க சார்.” தலையைக் குனிந்துகொண்டாள், திட்டுவேன் என்று.

“மத்தவங்ககிட்ட சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னங்க சார். ஹாஸ்டல்ல எல்லாருகிட்டயும் சொன்னேன். சார் ஆறுன்னு சொல்லிட்டாருன்னுட்டாங்க.”

அதற்குள் பதினேழு பேரும் இரண்டாவது முறையும் கொடுத்து முடித்திருந்தார்கள். பரீட்சகர் வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தப்பு என்னுடையது, எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். நல்ல மனிதர்தான். காதர் பாய் வீடு, டெய்லர் வீடு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஓடினால் மார்க், ஓடாவிட்டால் இல்லை, தனக்கு வேறு வழி கொடுக்கவில்லை என்றார். நான் எழுதிய கடிதத்தை மட்டும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில், தொப்பூர் மேடு ஏறும்போது, எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளிடம் சொன்னேன். தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது, ஏழு என்பதை நான் ஆறு என்று சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று. நான் ஏதோ ஜோக் சொல்லப்போகிறேன் என்று நினைத்து முன் சீட்டில் ஒருவன் சிரிப்பதற்குத் தயாராக இருந்தான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

எந்த மொழி, எந்த மொழி என்று நான் மெட்ராஸ் வரைக்கும் ஓடினேனே… கோபோல் என்றாலும் பாஸ்கல் என்றாலும் இதேதான் நடந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. பிள்ளைகளுக்கும் மிஷினுக்கும் நடுவில் நான் இருந்தேன், தங்கவேல் இருந்தார். ஒருவர் தப்பைச் சொல்லிக்கொடுத்தார். இன்னொருவர் இரக்கப்பட்டு அதை மறைத்தார். பதினேழு பேரை ஏமாற்ற இரண்டு நல்லவர்கள் போதும். உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒரு புதுப் பெண் வாய்த்தது மாதம்மாளுக்கு மட்டும்தான்.

பல்கலைக்கழகத்துக்கு நாலு கடிதம் போட்டேன். பதில் இல்லை. காதர் பாய் இப்போதெல்லாம் தன் வீடு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், கூடவே போய்க் காட்டிவிட்டு வருகிறார்.

ரிசல்ட் போன மாதம் வந்தது. பதினேழு பேர் அந்தத் தாளில் பெயில். மாதம்மாள் பாஸ். ஹாஸ்டலில் எட்டுப் பேருக்கு இடம் போனது. திங்கட்கிழமை கல்லூரி திறந்தது. எட்டில் மூன்று பேர் டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி வருகிறார்கள். ஐந்து பேர் வரவில்லை.